பாட்டின் தொடக்கத்தில் நீ விட்டுவைத்த இடம்

அருள், என் ராசா,

உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எடுக்கட்டும். சனிக்கிழமைகளில் உன் நித்திரையைக் கெடுத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். விளங்காத சொல் வந்தால் ஃபோனிடம் கேளாதே, அது கண்டபடி சொல்லும். அம்மாவுக்கு எடுத்துக் கேள். இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் நான் கவுன்சிலுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் மட்டும் எழுதிப் பழகியவன். அந்தப் பாஷையில் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே உன்மேல் முறைப்பாடு வைக்கத் தொடங்கிவிடுவேன்.

போன மாதம் அந்தச் சின்ன மைக்கைத் தூக்கிக்கொண்டு பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தாயே, அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். செப்டம்பரில் உனக்கும் மத்தேயோவுக்கும் கலியாணம். நீங்கள் இரண்டு பேரும் மேடையில் பாடுகிற அந்த ஸ்பானிஷ் ராப்பில் கலியாணத்துக்கென்று ஒரு பாட்டுச் செய்கிறீர்கள். அதன் தொடக்கத்தில் என் குரல் வேண்டும் என்று கேட்டாய். எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "பாப்பம், நேரமிருந்தாச் செய்யிறன்" என்று பெரிய மனுசன் மாதிரிச் சொல்லிவிட்டு, நீ வயரைக் கொளுவி முடிக்க முதலே மேல்மாடிக்கு ஓடிப்போய்ச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். குரல் பதிய எதற்கு இஸ்திரி போட்ட சேர்ட் என்று அம்மா கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நீ பிறக்க முன்பிருந்தே லண்டன் தமிழ்ச் சனத்தின் அரங்கேற்றம், சாமத்தியவீடு, முதல் நன்மை விருந்து, கோயில் பெருநாள் எல்லாவற்றிலும் மைக் பிடிக்கிற அறிவிப்பாளன் நான். சேர்ட் சரியில்லாவிட்டால் எனக்குக் குரல் வராது.

என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். அலைகடல் தாண்டி வந்த அன்னைத் தமிழின் அருந்தவப் புதல்வன் என்றேன். இலண்டன் மாநகரின் இளஞ்சிங்கம் என்றேன். கடைசியில், இவருடன் கரம் கோத்துப் பாட வருகிறார் இவருடைய உற்ற நண்பர் மத்தேயோ என்று முடித்தேன். குசினி மேசையில் இருந்து நீ காதில் மாட்டியதைக் கழற்றினாய். சிரித்தாய்.

"நல்லா இருக்கு அப்பா. ஆனா மத்தேயோவை நண்பர் எண்டு சொல்லிப்போட்டீங்கள்."

வேறு என்ன சொல்வது என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன், சண்டைக்கு இல்லை. அதை நான்தான் சொல்லவேண்டும், நீ எழுதித் தந்து நான் வாசிக்கிறது உனக்கு வேண்டாம் என்றாய். நான் அடுப்பைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நீ சொன்னதுதான் இந்த ஒரு மாதமாக என்னைச் சாப்பிட விடுகிறதில்லை.

"ஏலாட்டிப் பரவாயில்லை அப்பா. வேற ஒருத்தரையும் கேக்கமாட்டன். அந்த இடத்தைச் சும்மா விடுறன். கொஞ்ச நேரம் ஒண்டும் கேக்காது, பிறகு பாட்டுத் துவங்கும்."

நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் லேசாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன். வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாய். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டாய். அம்மாவைக் கொஞ்சிவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாய்.

நீ ஸ்பானிஷ் பாட்டில் விழுந்த காலத்தில் எனக்கு உன்னுடன் இருந்த கோபம் வேறு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படி என்றால் ஸ்பானிஷ் எடுத்தாய், சரி. அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் பாஷையில் தாளம் தட்டினாய், அதுவும் சரி. ஒரு நாள் அந்தப் பாட்டுகளில் என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டபோது, "தங்களைப் பற்றித்தான் அப்பா" என்றாய். தாங்கள் ஆர், எந்தத் தெருவால் வந்தவர்கள், தங்களைப் போல் ஒருவரும் இல்லை, இதைத்தான் பாட்டு முழுக்கச் சொல்வார்களாம். பாடத் தொடங்க முதல் தன் பெயரைத் தானே கூவிச் சொல்வார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தன்னைத் தானே புகழுகிறதும் ஒரு கலையா? உந்த எடுப்பு, பெருமையடிப்பெல்லாம் எங்களுக்குச் சரிவராது என்று பெரிய பிரசங்கம் வைத்தேன். எங்களிடம் ஒருவரைப் பற்றிச் சொல்ல இன்னொருவர் இருக்கிறார், அதற்குத்தான் அறிவிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்போது நீ கேட்காத கேள்வியை இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன். உன்னைப் பற்றிச் சொல்ல அந்த இன்னொருவர் எங்கே போயிருந்தார்?

தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ வேட்டி கட்டி, தமிழின் இனிமை பற்றி நான் எழுதித் தந்த பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு பின்னால் நின்றாய். உனக்கு முதல் ஒரு பிள்ளை நடனம் ஆடினாள். அவளைக் கலைமகளின் கடைக்கண் பார்வை பெற்ற செல்வி என்றேன், தாய் தகப்பன் பெயர், குருவின் பெயர் எல்லாம் சொன்னேன். உனக்கு முறை வந்தபோது, "அடுத்து ஒரு சிறுவர் பேச்சு" என்று மட்டும் சொன்னேன். பெயரே சொல்லவில்லை. சொந்தப் பிள்ளையை மைக்கில் புகழ்ந்தால் சனம் சிரிக்கும், அதோடு நாவூறு பட்டுவிடும் என்று பயம். எங்கள் ஆக்கள் எல்லாரும் அப்படித்தான். அடுத்தவன் பிள்ளையைச் சந்திரனில் ஏற்றுவோம், எங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் ஏதோ படிக்கிறான் என்போம். காரில் வீட்டுக்கு வரும்போது, உன் பெயரை நான் மறந்துவிட்டேனோ என்று கேட்டாய். அம்மாதான் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். நீ பேசியது மிகவும் வடிவாக இருந்தது, தம்பி. எனக்குப் பக்கத்தில் நின்ற சவுண்டுக்காரன் கூடச் சொன்னான். நான்தான் சொல்லவில்லை.

நீ மத்தேயோவைப் பற்றி எங்களிடம் சொன்ன நாளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நீ ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்தாய், குரல் நடுங்காமல் சொன்னாய். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா எழும்பிச் செபமாலையை எடுத்தாள், எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவன் சாப்பிட்டானோ எண்டு முதல்ல கேளுங்கோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் வீட்டில் சம்மதமும் அப்படித்தான் வரும், மன்னிப்பும் அப்படித்தான் வரும். உனக்கு அது போதாது என்று எனக்கு விளங்கப் பல காலம் எடுத்தது. சாப்பாடு போட்டால் எல்லாம் சொன்னமாதிரித்தான் என்று நாங்கள் நினைத்தோம். நீ சொல்லையே பிழைப்பாக வைத்திருக்கிற பிள்ளை, உனக்குச் சொல் வேண்டியிருந்தது.

போன கோடையில் அந்தத் தெற்கு லண்டன் பூங்காவுக்கு எங்களைக் கூப்பிட்டாய். லத்தீன் சனத்தின் கொண்டாட்டம், நீங்கள் பட்டப்பகலில் பாடுகிறீர்கள் என்றாய். ராப் என்றால் இருட்டறையில் நடக்கிற அலுவல் என்று நினைத்திருந்த எனக்குப் பகல் என்றதும் கொஞ்சம் ஆறுதல். அம்மா ஒரு பெட்டி ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். எலிபன்ட் அன்ட் காஸில் பக்கம் சலூன் வைத்திருக்கிற மத்தேயோவின் அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தா. இவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அவ தன்னுடைய பெட்டியைத் திறந்தா. உள்ளே இறைச்சி வைத்து மடித்துப் பொரித்த பலகாரத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்கோ, எங்கட பற்றீஸ்" என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் புல்லில் பாயைப் போட்டு இருந்துவிட்டார்கள். என்னை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் தொழிற்கண்ணால். அங்கே மைக் பிடித்த பெடியனுக்கு ஒன்றும் தெரியாது. வரவேற்புரை இல்லை, யார் வருகிறார் என்று ஒரு ஒழுங்கான அறிமுகம் இல்லை, சத்தம் போடுங்கோ சத்தம் போடுங்கோ என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தான். பிறகு நீ வந்தாய். றோஸ் நிற வலைச் சட்டை, கறுப்பு நகப்பூச்சு, காதில் தோடு. தோட்டைப் பார்த்ததும் எனக்கு ஐமிச்சம், எங்கள் வீட்டில் பார்த்த தோடு மாதிரி இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "நான்தான் குடுத்தனான், சும்மா பெட்டியில கிடந்ததுதானே" என்று பற்றீஸைக் கடித்துக்கொண்டே சொன்னாள். இப்படிப்பட்டவளோடுதான் நான் இத்தனை காலமும் குடும்பம் நடத்துகிறேன்.

தாளம் தொடங்க முதல் நீ உன் பெயரைச் சொன்னாய். அருள் என்று. திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி, கடைசியில் நீட்டி. அந்தச் சனத்துக்கு அந்த ளகரம் எங்கே வரும், இருந்தாலும் அருல் அருல் என்று பூங்கா முழுக்கச் சத்தம். நான் ஞானஸ்நானத் தொட்டியடியில் வைத்த பெயர். நான் மைக்கில் சொல்லாமல் விட்ட பெயர். ஒருவரும் உன்னைப் பற்றிச் சொல்லாத இடத்தில் நீயே உனக்கு அறிவிப்பாளனாகிவிட்டாய் என்று அப்போது எனக்கு மண்டையில் ஏறியது. எடுப்பு என்று நான் வைத பாட்டு அதுதான்.

பிறகு மத்தேயோ வந்தான். நீ அவனுடைய கையைப் பிடித்து உயர்த்தினாய், அவன் உன் கன்னத்தில் கொஞ்சினான், சனம் ஆர்ப்பரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஆக்கள் ஆராவது நிற்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். என் பிள்ளை தன் வாழ்க்கையிலேயே ஆக மகிழ்ச்சியாக நின்ற நேரத்தில் எனக்கு வந்த நிம்மதி அது. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

அன்று பின்னேரம் நீ சாமான் ஏற்றிக்கொண்டு வான் வண்டியில் போக, மத்தேயோ எங்களோடு காரில் வந்தான். பிளாக்வால் சுரங்கப்பாதைக்கு முன்னால் வழக்கம்போல நெரிசல். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி, ஒவ்வொரு வரியாக அர்த்தம் கேட்டேன். அவன் முதலில் கூச்சப்பட்டான், பிறகு சொன்னான். நான் கதவால் வந்தவன், என்னை யன்னலால் எட்டிப் பார்க்காதே. நான் நேசிக்கிறவனின் பெயரை நான் மெதுவாகச் சொல்லப் பழகவில்லை. கேட்கப் பிடிக்காதவன் காதைப் பொத்தட்டும், நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன். இதுதான் பாட்டு. தான் சின்னனாயிருந்த காலத்தில் இதே மாதிரிப் பாட்டுகளில் தன்னைப் போன்றவர்களைக் கேவலமான பெயர் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள், தெருவில் பெடியங்கள் அதைப் பாடிக்கொண்டு தன்னைத் துரத்துவார்கள் என்றான் மத்தேயோ. நீயும் அவனும் அந்தத் தாளத்தையே எடுத்து, அந்தப் பெயரையே எடுத்து, முன்வரியில் வைத்துப் பாடுகிறீர்களாம். பின்சீற்றில் இருந்த அம்மா, "ஆரடா என்ர பிள்ளையைத் துரத்தினது" என்று தமிழில் கேட்டாள். என்ர பிள்ளை என்று அவள் சொன்னது மத்தேயோவை. வேதாகமத்தில் உள்ளமாதிரி மத்தேயு என்றுதான் அவள் அவனைக் கூப்பிடுவாள், அதுவும் உனக்குத் தெரியும்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் வேலை செய்த பெற்றோல் செட்டில் முதலாளிக்கு என் பெயர் வாயில் வரவில்லை. டோனி என்று வைத்தான். சட்டையில் குத்துகிற தகட்டிலும் டோனி. நானும் ஓம் என்றேன். ஒரு நாளும் அது என் பெயர் இல்லை என்று சொல்லவில்லை. கிழமை முழுக்க டோனியாக நின்றுவிட்டு, ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் மைக்கைப் பிடித்தால்தான் நான் நானாவேன். முழுப் பெயர், ஊர்ப் பெயர், முழங்குகிற தமிழ். ஆகவே எடுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை, ராசா. எனக்கு மேடை மண்டபத்துக்குள் மட்டும் இருந்தது. வெளியே இறங்கியதும் தகட்டைக் குத்திக்கொண்டேன். நீ எந்த இடத்திலும் அந்தத் தகட்டைக் குத்தமாட்டேன் என்கிறாய். இந்தத் துணிவு உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை. உன்னை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. நாவூறு படட்டும், நான் சொல்லித்தான் தீருவேன்.

கலியாணம் செய்யப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள், ஆகவே ஒன்றிரண்டு சொல்கிறேன், பொறுத்துக்கொள். சண்டை வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடிக்காதீர்கள். உனக்கு வாய் அதிகம், அவன் மௌனமாகிவிடுகிற ஆள், அதைக் கவனி. மேடையில் நீ உன்னைப் பற்றி எவ்வளவும் சொல், வீட்டில் அவனைப் பற்றி அவனிடமே சொல். நான் ஊர் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் அடைமொழி வைத்தேன், உன் அம்மா வைத்த ஒரு கறியைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. இந்தக் கிழமை சொன்னேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவனுடைய அம்மாவுக்கு நீயே ஃபோன் எடுத்துக் கதை, அவன் எடுக்கட்டும் என்று விடாதே. புட்டு அவிக்கப் பழகு, அது கஷ்டமில்லை.

இனி அந்த இடத்துக்கு வருகிறேன், நீ சும்மா விடுகிறேன் என்ற இடம். போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் சாமியார் ஒரு பிள்ளைக்கு ஓலை வாசித்தார். உனக்கு இந்த வழக்கம் தெரிந்திராது, இந்த நாட்டில் வாசிக்கிறது குறைவு. கலியாணத்துக்கு முதல் வருகிற ஞாயிறுகளில் இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கலியாணம் என்று கோயிலில் எல்லாருக்கும் கேட்க அறிவிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து அறிவிக்கவேண்டும் என்று முடிப்பார்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஊரில் அப்படித்தான் வாசித்தார்கள். சாமியார் வாசித்து முடிய, அம்மா எனக்கு மட்டும் கேட்க ஒன்று சொன்னாள்.

"எங்கட பிள்ளைக்கு ஓலை வாசிக்க ஆள் இல்லை, என்ன."

அவள் அழவில்லை. முழங்காலில் இருந்தவள் எழும்பிப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு பூசையில் ஒன்றும் ஏறவில்லை.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். என் குரல் இந்த லண்டனில் எங்கள் சனத்துக்குத் தெரிந்த குரல். பாட்டு ஃபோனுக்கு ஃபோன் போகும், பெருநாள் மேடைக்கு என்னைக் கூப்பிடாமல் விடுவார்கள், கோயில் வாசலில் சிலர் முகத்தைத் திருப்புவார்கள். அந்த மைக் இல்லாவிட்டால் நான் ஆர் என்று யோசித்துப் பார்த்தேன். அருளின் அப்பா. அது போதும் எனக்கு.

நேற்று மத்தியானம் காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு என் ஃபோனில் பதிந்தேன். அம்மாவும் முன்சீற்றில் வந்து இருந்துகொண்டாள். நான் பழக்கதோசத்தில் அன்னைத் தமிழ், இளஞ்சிங்கம் என்று தொடங்க, ஓலையில் அலங்காரம் இல்லை, நேரே சொல்லுங்கோ என்று நிற்பாட்டினாள். அவள் சொன்னது சரி. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சியதைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒலி சரியில்லை என்றால் சொல், திரும்பச் சொல்கிறேன், எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்கிறேன். மத்தேயோவுக்கும் அவனுடைய அம்மாவுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, நான் சொன்னதை இங்கே எழுதியும் விடுகிறேன். நீ அவர்களுக்கு ஸ்பானிஷில் சொல்லு.

"திருமண அறிவித்தல். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட தாய் தகப்பனுக்கு லண்டனில் பிறந்த மகன் அருளுக்கும், கொலம்பியாவைப் பிறப்பிடமாகக் கொண்ட தாய்க்கு மகனாய்ப் பிறந்த மத்தேயோவுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. அறிவிப்பவர், அருளின் தகப்பன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால், பிள்ளைகளிடம் போகவேண்டாம். என்னிடம் வந்து சொல்லட்டும்."